நாற்பத்தொன்றாம் உருப்படி

நீளக் காம்பு வைத்த மரச்சுத்தி நான்கு,
நாலு நிறத்தில் மரப்பந்து நான்கு,
இரும்பு வளைவு ஆறு,
வர்ணம் பூசிய கட்டை ஒன்று.
உபயோகம் தெரியவில்லை
என்று பட்டியலில் எழுதி
அடுத்த அறைப் பூட்டுக்குப் போனார் குமாஸ்தா.

பெட்டி மூடியில் ஆங்கிலத்தில் பெயர் இருந்தது.
குரோக்கெட்டு என்று வாசித்தார்.
குரோக்கே என்றேன் நான்.
கடைசி 'ட்டு' எழுத்தோடு சரி, வாய்க்கு வராது.
"கெட்டது போனால் நல்லதுதானே"
என்றான் சேவுகன்,
ஈப்போவிலிருந்து கையெழுத்துக்கென்று வந்தவன்.
மூன்று நாளில் என் முகம் பார்த்து
அவன் சொன்ன முதல் வாக்கியம்.

பள்ளத்தூர் வீட்டுக்கு நாங்கள் நாலு பங்கு.
சுத்தி ஆளுக்கொன்று, பந்து ஆளுக்கொன்று,
வளைவு ஆளுக்கு ஒன்றரை.
கட்டையை என்ன செய்வது?
ரம்பம் இருக்கிறதா என்று
ஏகப்பன் நிஜமாகவே கேட்டான்.

வக்கீல் காரைக்குடியிலிருந்து வர நாலு மணி ஆகும்.
அதுவரை யார் முகத்தை யார் பார்ப்பது?
பின்கட்டைத் தாண்டி, கார் நிறுத்தும் வெளியில்
வளைவுகளை நட்டோம்.
புல்லில் ஆட வேண்டியது;
எங்களுக்கு வாய்த்தது செம்புராங்கல்.
துளைக்குத் துளை கடப்பாறை கேட்டது.

விதித்தாளில் பாதியைக் கரையான் தின்றிருந்தது.
மிச்சத்தைப் போன் சொன்னது. கேளுங்கள்:

உங்கள் பந்தை மட்டுமே அடிக்கலாம்.
தள்ளக் கூடாது, தட்ட வேண்டும்.
வளைவுக்கும் பந்துக்கும் நூலளவு இடைவெளி,
பக்கவாட்டில் வந்து பல்லிளித்தால் விடாது,
நேர் எதிரே போய் நின்று கேட்க வேண்டும்.
நுழைந்தால் இன்னொரு அடி உங்களுக்கே.
ஆறு வளைவும் ஒரு சுற்று, மறுபடி ஆறும் இன்னொரு சுற்று,
பிறகு நடுக்கட்டையைத் தொட்டால்
உங்கள் பந்து களத்தை விட்டு வெளியே.
வெளியே போவதுதான் ஜெயிப்பது.
இந்த வீட்டில் இதை
இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இன்னும் இருக்கிறது.
போகிற வழியில் அடுத்தவர் பந்தை முட்டினால்
இரண்டு அடி கூடுதல்.
முதல் அடிக்கு, உங்கள் பந்தை எடுத்து
அவர் பந்தோடு ஒட்டி வைக்க வேண்டும்,
கன்னத்தோடு கன்னம்.
வைத்து, ஒரே போடு.
அவர் எங்கோ, நீங்கள் வளைவின் வாசலில்.

"இதுக்கா வெள்ளைக்காரன் விதி எழுதினான்?
நம்ம பங்காளிகிட்ட கேட்டிருந்தா
சும்மாவே சொல்லியிருப்பானே" என்றான் ஏகப்பன்.

நீலமும் கறுப்பும் ஒரு கட்சி,
சிவப்பும் மஞ்சளும் எதிர்க்கட்சி.
பெட்டியில் கை விட்டு எடுத்தோம்.
எனக்கு நீலம். சேவுகனுக்குக் கறுப்பு.
வழக்கில் அவன் வாதி, நான் இரண்டாம் பிரதிவாதி.
"சிவப்பை மறிச்சு நில்லு," என்கிறான் என்னிடம்,
"நான் பின்னாலேயே வர்றேன்."
வந்தான்.

தரை தெற்கே சாய்வு.
பள்ளத்தூர் பந்து பள்ளத்துக்குத்தானே போகும்!
என் நீலம் மூன்றாம் வளைவின் தொண்டையில் சிக்கி
உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.
ஏகப்பன் வேகமாக அடித்து
தன் கணுக்காலையே பார்த்துக்கொண்டான்.

கடைசி முறை நாச்சம்மைக்கு.
மூன்று நாளும் எந்தத் தாளை நீட்டினாலும்
"நீங்க பாத்துச் செய்ங்க" என்றவள்.
முந்தானையை இடுப்பில் செருகினாள்.
மஞ்சள் போய்க் கறுப்பை முட்டியது.
குனிந்து, ஒட்டி வைத்து,
சேவுகனை மோட்டார் கொட்டகைக்கு அனுப்பினாள்.
மிச்சமிருந்த ஓர் அடியில் முதல் வளைவு.
நுழைந்ததற்கு இன்னொன்று.
அவசரமே இல்லை அவளுக்கு.
இரண்டாம் வளைவு.

வக்கீல் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.
பேனா மூடியைக் கழற்றி,
பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டி,
"ஆச்சி, முதல்ல நீங்க" என்றார்.

நாச்சம்மை நிமிரவில்லை.
ஒரு கண்ணை மூடி
மூன்றாம் வளைவை அளந்துகொண்டே சொன்னாள்:
"அங்க வைங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுறேன்."

ஏகப்பன் என்னைப் பார்த்தான்.
நான் சேவுகனைப் பார்த்தேன்.
அவன் கொட்டகைக்குள்
பந்தைத் தேடிக்கொண்டிருந்தான்.